முரி குரூப்புக்கு ஓனர் யார்?

உங்கள் ஆபீஸ் மெயிலில் 'ஆல் ஸ்டாஃப்' என்று ஒரு முகவரி இருக்குமே, அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று என்றைக்காவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

நான் வேலை செய்வது லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில். ஆபீஸ் கொல்கத்தாவில், பாலிகஞ்சில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடி. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத கஸ்டமரே இல்லை; சிரித்து முடிக்கும்போது எல்லாருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஒர்க்‌ஷாப் பெஹாலாவில். என் வீடு டாலிகஞ்சில். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், வெளியில் பெங்காலி, கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

கம்பெனியின் ஐடி டிபார்ட்மெண்ட் என்றால் அது நான்தான். முழு டிபார்ட்மெண்டும். ப்ரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், வைஃபை படுத்துவிட்டாலும் நான், மேனேஜர் பாஸ்வேர்டை மறந்தாலும் நான். அவர் வாரா வாரம் மறப்பார். கூச்சமே இல்லாமல் மறப்பார்.

ஒரு மழைக்காலத்தில் மேலிடம் ஒரு முடிவு எடுத்தது. பழைய மெயில் சர்வர் வேண்டாம், எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்று. "சின்ன வேலைதானே?" என்றார் மேனேஜர். இந்த வாக்கியத்தைச் சொல்பவர்களைப் பிடித்து ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

மெயில் பெட்டிகளை மாற்றுவது பெரிய காரியமில்லை. குரூப்கள்தான் உயிரை வாங்கின. குரூப் என்றால் வேறொன்றுமில்லை, ஒரே ஒரு முகவரி. அதற்கு ஒரு மெயில் போட்டால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். பிரேக்டவுன் குரூப் ஒன்று இருக்கிறது. எங்காவது ஒரு லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அதற்கு மெயில் போகும், மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவர் ஓடுவார். அதில் ஒரு ஆள் விட்டுப்போனால் லிஃப்டுக்குள் ஒருவர் கூடுதல் நேரம் வேர்த்துக்கொண்டு நிற்பார். அதனால் அது ஒழுங்காக இருந்தது. மற்றதெல்லாம் குப்பை.

'ஆல் ஸ்டாஃப்' குரூப்பைத் திறந்தேன். வேலையை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு டீத்தூள் சப்ளை செய்கிறவர் இருந்தார். ஒரு கஸ்டமர் இருந்தார், பாவம், வருஷக்கணக்காக எங்கள் லீவ் அறிவிப்பையெல்லாம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு தடவைகூடப் புகார் சொல்லவில்லை. குரூப்புக்குள் ஒரு குரூப், அதற்குள் இன்னொரு குரூப், அந்தக் கடைசிக் குரூப்புக்குள் மறுபடியும் முதல் குரூப். யாரோ ஒருவர் குடை காணவில்லை என்று மொத்தக் கம்பெனிக்கும் மெயில் போட, பெஹாலா ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒவ்வொருவராக "என்னிடம் இல்லை" என்று மொத்தக் கம்பெனிக்கும் பதில் போட்டது இந்தக் குரூப்பில்தான். குடை கடைசியில் அவர் நாற்காலியின் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் அவர் மொத்தக் கம்பெனிக்கும் தெரிவித்தார்.

மேலிடம் ஒரு விதி போட்டது. புது சர்வருக்குப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு குரூப்புக்கும் ஓனர் வேண்டும், அதாவது பொறுப்பாளர். எதற்காக அந்தக் குரூப் இருக்கிறது என்று ஒரு வரி வேண்டும். இரண்டும் இல்லாத குரூப்பை நீக்கிவிட வேண்டும். நல்ல விதி. எனக்குப் பிடித்திருந்தது. நான் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டே போனேன். என்றோ நடந்த பிக்னிக் குரூப், போ. யாருமே இல்லாத காலி குரூப், போ. பூஜை குரூப் இரண்டு இருந்தன. மெனுவில் சண்டை வந்து பிரிந்தவர்களாம். இரண்டு தரப்பிலும் ஓனர் உடனே கிடைத்தார். ஓனர் மட்டுமா, வக்கீலே கிடைத்திருப்பார்.

அப்புறம் வந்தது 'முரி'.

முரி என்றால் பொரி. நம் ஊர்க் கார்த்திகைப் பொரி இல்லை, கொல்கத்தாவின் மாலை வயிற்றுக்கு உயிர் கொடுக்கிற பொரி. எங்கள் மாடியில் நாலு மணிக்கு மேல் முரி கலக்காத நாள் கிடையாது. கலக்குவது எங்கள் அக்கௌண்ட்ஸ் அக்கா. ஆபீஸில் என்னைத் தவிரத் தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவர். கொள்ளுத்தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம்; லேக் மார்க்கெட் பக்கம் அப்பளம், காபித்தூள் விற்கிற கடை இன்னும் நடக்கிறது. பேன்ட்ரியில் பெரிய தகர டப்பாவில் பொரியைக் கொட்டி, கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பல், வெள்ளரிக்காய், சனாச்சூர் என்கிற இந்த ஊர் மிக்ஸர் கொஞ்சம் எல்லாம் போட்டு, கடைசியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பொடியில் ஒரு ஸ்பூன் தூவுவார். இட்லிப் பொடி விஷயத்தில் பெங்காலிகள் முதலில் போராட்டமே நடத்தினார்களாம். இப்போது அது இல்லாமல் ஒருத்தரும் வாயில் வைப்பதில்லை.

கலக்கி முடித்ததும் ஸ்பூனால் டப்பாவை ஓங்கி மூன்று தட்டு. டங், டங், டங். மாடியில் இருக்கிற எல்லாரும் எழுந்து போவோம்.

அதே வேளையில் 'முரி' குரூப்பில் ஒரு மெயிலும் வரும். சப்ஜெக்ட்டில் "முரி". உள்ளே ஒன்றும் இருக்காது. சேர்ந்த புதிதில் நான் அக்காவைக் கேட்டேன், "அதான் டப்பாவைப் போட்டு இந்தத் தட்டு தட்டுறீங்களே, அப்புறம் மெயில் எதுக்கு?"

"எல்லாத்துக்கும் ஒரு சிஸ்டம் வேணும்டி. நீதானே ஐடி, ஒனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா.

அப்போது நான் கவனிக்காத ஒன்றை இப்போது சொல்கிறேன். மெயில்தான் எப்போதும் முதலில் வரும். அதை அனுப்பிவிட்டு அக்கா ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு பேன்ட்ரி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் டப்பா. நான் அதைப் பொரி ஊறுவதற்கான இடைவெளி என்று நினைத்திருந்தேன். பொரி எதற்கு ஊற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலேஜ் படிப்பு.

சரி, 'முரி' குரூப்புக்கு வருகிறேன். உள்ளே எங்கள் மாடி முழுக்க இருந்தது. ஓனர் இல்லை, அதை உருவாக்கியவர் என்றோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஓனர் இல்லாத எல்லாக் குரூப்களுக்கும் நான் ஒரே மாதிரி ஒரு மெயில் தட்டி வைத்திருந்தேன். "இந்தக் குரூப்புக்கு ஓனர் யார்? எதற்காக இது? பதில் இல்லையென்றால் இந்த வாரக் கடைசியில் நீக்கப்படும்." அதை 'முரி'க்கும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. அக்காவிடமிருந்து. போனிலிருந்து அடித்திருக்கிறார்.

அவர் அதை வழக்கம்போல இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. எங்கள் இருவரைத் தவிர ஒருத்தருக்கும் புரிந்திருக்காது. ஆனால் ஐடியிலிருந்து கேள்வி வந்திருக்கிறது, கம்பெனி விதி, பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்று சுத்தமான ஆபீஸ் இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதன் சாரம் இது: "தயவுசெய்து நீக்க வேண்டாம். இது நம் ட்ராயிங் செக்‌ஷன் தாதாவுக்காக மட்டுமே உள்ளது. அவருக்கு டப்பாச் சத்தம் கேட்காது. அவருக்கு இது தெரியக் கூடாது. ஓனராக என்னைப் போட்டுக்கொள்ளவும்."

படித்தேன். ஓ, இதுதானா விஷயம் என்று ஒரு நிமிஷம் மனசு இளகிப் போனது. அப்புறம்தான் மெயில் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தேன்.

ரிப்ளை ஆல்.

'முரி' குரூப்பில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம்தான். "எனக்கு வெங்காயம் வேண்டாம்", "ஃபோனில் இருக்கிறேன், எடுத்து வையுங்கள்" என்று எல்லாருக்கும் பதில் போட்டுப் போட்டு, அக்காவின் கட்டைவிரல் தானாக அங்கே போய்விட்டது. மாடி முழுக்க மேஜை மேஜையாக டிங், டிங் என்று மெயில் வந்து விழுகிற சத்தம். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. நிமிர்ந்த தலை எல்லாம் ஒரே பக்கம் திரும்பியது.

இங்கே தாதாவைச் சொல்ல வேண்டும். பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். சென்னையில் இருக்கிற என் சித்தி பையனிடம் "எங்க ஆபீஸ்ல ட்ராயிங் செக்‌ஷன்ல ஒரு தாதா இருக்கார்" என்று சொன்னபோது, "போலீஸுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டான். இவர் எறும்புக்கும் வழி விட்டு நடக்கிற தாதா. ஐம்பதைத் தாண்டியவர். லிஃப்ட் போகிற குழிக்கும் கூண்டுக்கும் படம் வரைவது அவர் வேலை. எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். லிஃப்ட் படத்தில் அளவு புரிவதற்காகக் கூண்டுக்குள் ஒரு சின்ன மனுஷனை நிற்க வைப்பார்கள். மற்றவர்கள் படத்தில் அது வெறும் கோட்டு உருவம். தாதா படத்தில் அந்த ஆள் கையில் குடை வைத்திருப்பான், அல்லது மீன் பை வைத்திருப்பான், அல்லது முதுகைச் சொறிந்துகொண்டிருப்பான். கஸ்டமர்கள் அதற்காகவே படத்தைக் கேட்டு வாங்கிப் போவதுண்டு.

அவருக்குக் காது மந்தம் என்று மாடிக்கே தெரியும். எனக்கும் தெரியும். அவரிடம் பேசும்போது எல்லாரும் எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து பேசுவார்கள். ஒருத்தரும் கத்த மாட்டார்கள். "என்ன, கேக்கலையா?" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இல்லை இது. புதிதாக வருகிறவர்கள் மற்றவர்களைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்வது. ஆனால் அந்தக் குரூப்பே அவருக்காகத்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மெயில் வந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஸ்க்ரீன் மூலையில் அறிவிப்பு எட்டிப் பார்க்குமே. அக்கா என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"ஏய், எடுத்துருடி! நீதானே அட்மின்! அவர் பொட்டிலேருந்து எடுத்துருடி!"

"பழைய சர்வர்க்கா. டூல் திறக்கவே நேரமாகும்."

"சீக்கிரம்டி!"

"கத்தாதீங்கக்கா."

"கத்தினா மட்டும் அவருக்குக் கேக்கவா போறது?" என்று சொல்லிவிட்டு அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

நான் டூலைத் திறந்துகொண்டிருக்கும்போதே தாதா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு ஸ்க்ரீனுக்குக் கிட்டே குனிந்தார். பிறகு பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மாடி மொத்தமும் தன் முதுகைப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு அக்கா டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் கலக்கினார். ஆனால் மெயிலை அனுப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அனுப்பினால், பாருங்கள் உங்களுக்காகத்தான் என்று குத்திக்காட்டுகிற மாதிரி. அனுப்பாவிட்டால் அவரைக் கூப்பிடாத மாதிரி. ஸ்பூனை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் சும்மா தட்டினார். மூன்று தட்டுக்கும் முன்பிருந்த தெம்பில்லை. நாங்கள் எல்லாரும் எழுந்து போய் டப்பாவைச் சுற்றி நின்றோம். ஜன்னலோர முதுகு அசையவில்லை. ஒருத்தரும் கையை உள்ளே விடவில்லை. "எனக்குப் பசிக்கலை", "மதியம் ஹெவி" என்று ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டுக் கலைந்தோம். பொரி அப்படியே நமத்துப் போனது. அக்கா அதைக் காக்காய்க்கு வைத்தார். இட்லிப் பொடி போட்ட பொரியைத் தின்ற காக்காய் ஜன்னல் விளிம்பில் அலகைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

"நல்லது பண்றேன்னு போய் அவர் மானத்த வாங்கிட்டேன்டி. சனி என் நாக்குல இல்ல, கட்டைவெரல்ல" என்றார் அக்கா. பிறகு தன் மேஜையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் போட்டார். "இதப் பாரு."

செலவுக் கணக்குப் போட அவரிடம் வந்த புதுப் படம். தாதா வரைந்தது. கோடுகள் எல்லாம் வழக்கம்போலக் கத்தி மாதிரி இருந்தன. கூண்டுக்குள் ஆள் இல்லை. குடை இல்லை, பை இல்லை. காலி லிஃப்ட்.

"போய்ப் பேசுங்கக்கா."

"என்னன்னுடி பேசறது? சாரி தாதா, ஒங்களுக்குக் காது கேக்காதுன்னு எங்களுக்குத் தெரியும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, அதுக்கு சாரின்னா?"

வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். படத்தைச் சுருட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

வாரக் கடைசி நெருங்கியது. பட்டியலில் 'முரி'க்கு எதிரே ஓனர் கட்டமும் காரணக் கட்டமும் காலியாகவே இருந்தன. அக்காவைப் போட்டிருக்கலாம். அவரே வேண்டாம் என்றுவிட்டார். "அவர் வராத குரூப்புக்கு நான் எதுக்குடி ஓனர்? தூக்கிடு." நீக்குவதற்கான பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் வேறு வேலை பார்ப்பது போல நடித்தேன். குப்பை குப்பையாகத் தூக்கிப் போட்டவளுக்கு இந்த ஒன்று மட்டும் கை வரவில்லை.

அன்று மத்தியானம் நல்ல மழை. தாதா எழுந்தார். நேராக என் மேஜைக்கு வந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்து என் எதிரே இல்லாமல் என் பக்கமாகப் போட்டு, இருவரும் ஒரே ஸ்க்ரீனைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார். அவர் பேசியதெல்லாம் பெங்காலியில்தான். எனக்கு ஞாபகத்தில் அது தமிழாகத்தான் ஓடுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு காலிப் பக்கத்த தொற. நீ டைப் பண்ணு. நான் படிச்சுக்கறேன்" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்லை. நான் பதறிப் போய் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக, மிகப் பெரிதாக ஆக்கினேன்.

"ஏய், போனது காது. கண்ணு இருக்கு. சின்னதாக்கு."

சின்னதாக்கினேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தக் குரூப்புல எத்தன பேரு?"

"மாடி முழுக்க" என்று அடித்தேன்.

"எனக்கு ஒருத்தனுக்காக, எல்லாருக்குமா மெயிலு?"

"உங்களுக்கு மட்டும் அனுப்பினா உங்களுக்குத் தெரிஞ்சிடுமே."

அதைப் படித்துவிட்டுத் தலையை மெதுவாக ஆட்டினார். மழையைப் பார்த்தார்.

"ஒனக்கு ஒண்ணு சொல்றேன். நாள் பூரா எனக்குச் சரியா ஒண்ணும் விழாது. பஸ்ஸு, ஃபோனு, வீட்டு மணி, எல்லாம் எங்கயோ தண்ணிக்கு அடியில இருக்கற மாதிரி. ஆனா சாயங்காலம் அந்த டப்பா மட்டும் கேக்கும். மெயில் வரும், எந்திரிப்பேன், ரெண்டு அடி வைப்பேன், ஸ்பூன் எறங்கறதப் பாப்பேன், டங்குன்னு விழும். கேக்குதேன்னு நெனைப்பேன். ஒவ்வொரு நாளும் நெனைப்பேன். வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்டச் சொல்லுவேன், டாக்டரெல்லாம் வேணாம், ஆபீஸ்ல டப்பாச் சத்தம் எனக்கு நல்லாக் கேக்குதுன்னு."

அப்போதுதான் அக்கா கண்ணாடி வழியே எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எனக்கு உறைத்தது. தாதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதற்காகக் காத்திருப்பார். எழுந்த பிறகுதான் தட்டுவார். சத்தம் கேட்டு எழுந்த மாதிரி ஆகிவிடும். மற்றவர்கள் கண்ணுக்கும், அவர் கண்ணுக்கும்.

"கோவமா?" என்று அடித்தேன்.

"இருந்துது. ரெண்டு நாள் இருந்துது. என்னை வச்சு எல்லாரும் நாடகம் போட்டீங்களேன்னு." பென்சிலை விரலில் உருட்டினார். "அப்புறம் நெனச்சுப் பாத்தேன். தெனம் போட்டிருக்கீங்க. ஒரு நாள் விடாம. எவன்யா இவ்வளவு பொறுமையா நாடகம் போடுவான்?"

ஒரு புள்ளியை அடித்தேன். உடனே அழித்தேன்.

"சரி, இதச் சொல்லு. இந்தக் குரூப்புக்கு ஒரே ஒரு ஆள் மட்டும்தான் மெயில் போடலாம், வேற யாரும் போட முடியாதுன்னு வைக்க முடியுமா?"

"முடியும். ஓனர் மட்டும் அனுப்பலாம்னு செட் பண்ணலாம். வேற யார் அனுப்பினாலும் திரும்பிடும்."

"அப்ப என்னை ஓனராப் போடு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன பாக்கற? என்னை இனிமே யாரும் கூப்பிட வேணாம். நான் கூப்பிடறேன். நான் மெயில் போட்டாத்தான் முரி. என் மெயில் வராம அந்தப் பொண்ணு ஸ்பூனத் தொடக் கூடாது, சொல்லிடு."

அந்தப் பொண்ணு என்றால் அக்கா. நான் சிரித்துக்கொண்டே செட்டிங்கைத் திறந்தேன். ஓனர் கட்டத்தில் அவரைப் போட்டேன். அனுப்பும் அனுமதி, ஓனர் மட்டும். காரணக் கட்டம் வந்தது. அங்கே வெறுமனே "முரி" என்று எழுதினால் மேலிடம் திருப்பி அனுப்பிவிடும் என்று அவருக்கு அடித்துக் காட்டினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்.

"பணியாளர் ஒருங்கிணைப்பு."

அடேயப்பா. மேலிடம் அதை ஒரே நாளில் ஒப்புக்கொண்டது. வேறு சில குரூப்களுக்கு என்னிடம் பத்து கேள்வி கேட்டவர்கள், இதற்கு "நல்ல முயற்சி" என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள்.

புது சட்டத்தின் முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா நாலு மணிக்கே எல்லாம் நறுக்கி, பொரியைக் கொட்டி, கலக்கி, ஸ்பூனோடு தயாராக நின்றார். தாதா வரைந்துகொண்டே இருந்தார். ஸ்கேலை வைத்தார், ஒரு கோடு போட்டார். ஸ்கேலை எடுத்தார், துடைத்தார். தண்ணீர் குடித்தார். மாடி மொத்தமும் ஸ்க்ரீனையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தது.

"வேணும்னே பண்றார்டி" என்றார் அக்கா, தமிழில்.

"பண்ணட்டும்க்கா."

"நமத்துப் போயிடும்டி!"

டிங் என்றது. மாடி முழுக்க டிங். சப்ஜெக்ட்டில் "முரி". இந்தத் தடவை உள்ளேயும் ஒரு வரி இருந்தது: "இன்று மிளகாய் அதிகம், பொடி குறைவாக."

"பாத்தியா, ஓனர் ஆனதும் வர்ற கெத்த? கலந்தப்புறம் எப்படிடி பொடியக் கொறைக்கறது?" என்று அக்கா கத்தினார். கண் மட்டும் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றார். வெங்காயம் நறுக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

தாதா எழுந்து வந்தார். அக்கா வழக்கப்படி தட்டுவதற்கு ஸ்பூனை ஓங்கினார். தாதா கையை நீட்டி ஸ்பூனை வாங்கிக்கொண்டார். டப்பாவை அவரே ஓங்கி மூன்று தட்டு தட்டினார். தட்டிவிட்டு எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தோம், அவ்வளவு பலமாகத் தட்டியிருந்தார். அதைப் பார்த்து அவருக்கு ஒரே திருப்தி.

"நல்லா இருந்துதா?" என்று கேட்டார்.

"செவிடாக்கிட்டீங்க தாதா!" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து. சொன்னவருக்கே மூச்சு நின்றுவிட்டது. தாதா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பொரி பாதி கீழே கொட்டியது.

அதற்கப்புறம் அவர் மனைவியோடு போய் டாக்டரைப் பார்த்தார். காதுக்கு மெஷின் வந்தது. மீட்டிங்கில் மாட்டிக்கொள்வார், மேனேஜர் பேச ஆரம்பித்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்த வசதி எங்கள் யாருக்கும் இல்லையே என்று எல்லாருக்கும் பொறாமை. மெஷின் வந்த பிறகு, இனி குரூப் வேண்டுமா என்று நான் ஒரு தடவை கேட்டேன். விதிப்படி கேட்க வேண்டும்.

"எனக்குக் கேக்கும். மத்தவங்களுக்கு நான் மெயில் போடலேன்னா எப்படித் தெரியும்?" என்றார்.

அக்காவின் மேஜைக்கு வருகிற படங்களில் லிஃப்டுக்குள் ஆள் திரும்பி வந்துவிட்டான். சில நாள் குடை, சில நாள் மீன் பை. ஒரு படத்தில் பெரிய தகர டப்பா ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் படத்தின் ஒரு பிரதியை அக்கா பேன்ட்ரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். சரியாக அவர் முன்பெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில். இப்போது அந்தப் பக்கம் பார்க்க முடியாது. பார்க்கவும் தேவையில்லை.

சர்வர் மாற்றம் எப்போதோ முடிந்துவிட்டது. புது சர்வரிலும் பழையபடி குப்பை சேர ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் 'ஆல் ஸ்டாஃப்'பைத் திறந்தால் டீத்தூள்காரர் மறுபடியும் உள்ளே இருக்கிறார், எப்படி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஓனர்கள் பாதிப் பேர் வேலையை விட்டுப் போயாயிற்று. நான் கேட்கிற கேள்விக்கு அதே நாளில் பதில் போடுகிற ஓனர் ஒருவர்தான்.

இப்போது மணி நாலைத் தாண்டிவிட்டது, அக்கா ஸ்பூனோடு நிற்கிறார், மெயில் இன்னும் வரவில்லை.